செவலைக்குப் புல்

என் கணவர் வீட்டுக்கு வருவதை முதலில் அறிந்தது நானும் இல்லை, என் மாமியாரும் இல்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் மரப்பெட்டிக்குள் இருந்த இரண்டு கினிப் பன்றிகள்தான். அவருடைய சைக்கிளின் பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் செயின் கவரில் உரசும். தெருமுனையில் அந்த உரசல் கேட்டதுமே இரண்டும் கம்பி வலையில் முன்னங்கால்களை வைத்து எழுந்து நின்று விசில் அடிக்கும். தொடங்கிய இடத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் நீளமான விசில். அதைக் கேட்டுத்தான் மாமியார் காபிக்கு அடுப்பைப் பற்றவைப்பார்.

என் கணவர் ஒரு மேல்நிலைப் பள்ளியில் லேப் அட்டெண்டர். விலங்கியல் ஆசிரியர் ஒருவர் பள்ளிப் பொருட்காட்சிக்காகச் சென்னையிலிருந்து வாங்கிவந்த ஜோடி அது. பொருட்காட்சி முடிந்தது, ஆசிரியர் மாற்றலாகிப் போனார், எங்கேயாவது விட்டுவிடு என்று இவரிடம் சொல்லிவிட்டார்கள். எங்கே விட்டாலும் நாய் தின்றுவிடும் என்று மூங்கில் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"பெருச்சாளிய அடிக்கறவன பாத்திருக்கேன். கூடையில ஒக்கார வெச்சிக் கூட்டியாறவன இப்பத்தான் பாக்கறேன்" என்றார் மாமியார்.

"இது பெருச்சாளி இல்லம்மா. வெளிநாட்டு ஜாதி."

"இதுக்கும் ஜாதி இருக்குதா? நல்லாருக்குது போ."

ஒன்று செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு. மற்றொன்று முழுக் கறுப்பு. மாடுகளைச் சொல்வதுபோல ஒன்றைச் செவலை என்றும் ஒன்றைக் கறுப்பு என்றும் சொன்னோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. இதை எழுதாமல் விட்டால் மற்றவை சரியாகப் புரியாது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியின் ஓரத்தில், சங்கராபுரம் போகும் பக்கம் இருந்தது. நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். தெருவில் ஏழெட்டு வீடுகளில் கறவை மாடு உண்டு. ஆனால் எங்கள் தெருவில் யாரும் புல் அறுக்கப் போனதில்லை. புல் என்பது எங்களுக்குத் தலைச்சுமையாக வந்து சேரும் பொருள். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியிலிருந்து ஒரு பெண் தினமும் மாலையில் புல்லுக்கட்டு சுமந்து வருவார். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். கட்டை இறக்குவதற்கு முன் எங்கள் வாசலில் நிற்பார். என் கணவர் போய் ஒரு பிடி உருவிக்கொள்வார்.

"எடுத்துக்கங்க சார், எடுத்துக்கங்க. உங்க மாடு எத்தினி லிட்டரு கறக்குது?"

"ரெண்டும் சேந்து அரை ஆழாக்கு."

"அப்ப எனக்கு மோராச்சும் ஊத்துங்க."

இதே பேச்சை அவர்கள் இருவரும் எத்தனையோ மாலைகளில் பேசிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இருவரும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்கள். நான் அந்தப் பெண்ணை 'வா, போ' என்றுதான் பேசிவந்தேன். தெருவில் எல்லோரும் அப்படித்தான்.

பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. எங்கள் தெரு முழுக்க, என் வீட்டையும் சேர்த்து, போராடியவர்களின் தெரு. கேட்டது நியாயம் என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். சாலை மறியல் நடந்த வாரத்தில் பஸ் இல்லை, லாரி இல்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நின்ற இடத்திலேயே காய்ந்தன. சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்தார்கள். எங்கள் தெருவுக்கு எதிரே, சாலை திரும்பும் இடத்தில் நின்ற பெரிய மரம் விழுந்த மாலை என் கணவர் இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்து வந்தார். கயிறு இழுத்த தடம். கேட்காமலே மருந்து போட்டுக் கட்டினேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காலனியில் கூரைகள் எரிந்தன. எந்தத் தெருவிலிருந்து யார் போனார்கள் என்று அப்போது பலவிதமாகச் சொன்னார்கள். அந்தப் பிற்பகல் என் கணவர் வீட்டில் இல்லை. நானும் இல்லை, வார்டில் இருந்தேன். தீக்காயத்தோடு வந்தவர்களில் புல்லுக்காரப் பெண்ணும் ஒருவர். வலது முன்கை முழுவதும் கொப்புளம். பானையை வெளியே எடுக்கப் போனதாகச் சொன்னார். நான் கழுவி மருந்திட்டேன். அவர் வார்டின் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் தெருவைப் பற்றி அவரும் பேசவில்லை, அவர் தெருவைப் பற்றி நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அன்று பிற்பகல் எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

மரம் வெட்டியவர்கள் பட்டியலோடு போலீஸ் வீடு வீடாக வந்தபோது அவர் பெயரும் அதில் இருந்தது. அரசு ஊழியர் நாற்பத்தெட்டு மணி நேரம் காவலில் இருந்தால் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்படுவார். வக்கீல் சொன்னது இதுதான்: முன்ஜாமீன் வாங்கும் வரையில் கையில் கிடைக்காமல் இருங்கள், கிடைத்தால் வேலை போச்சு. தெருவின் ஆண்கள் பலர் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்தார்கள். இவர் கல்வராயன் மலைக்குப் போனார். பள்ளிக்குச் செடி, பூச்சி சேகரிக்க முன்பே பலமுறை போய்த் தங்கிய ஒரு மலைக் குடும்பம் அங்கே இருந்தது.

கிளம்பும்போது பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து, வலைக்குள் விரலை விட்டுச் செவலையின் நெற்றியைத் தேய்த்தார்.

"இதுங்களுக்கு இன்னா ஆனாலும் சொல்லி அனுப்பு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போய்டறேன்."

"வந்தா புடிச்சிக்குவாங்க."

"அத நான் பாத்துக்கறேன். நீ சொல்லி மட்டும் அனுப்பு."

அவர் சொன்னால் செய்வார். அதனால் அன்றே எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இந்த இரண்டுக்கும் எதுவும் ஆகக்கூடாது. அப்படி ஏதாவது ஆனாலும் அது மலைக்குத் தெரியக்கூடாது.

புல்லுக்காரப் பெண் அதன்பின் எங்கள் தெருவுக்கு வரவில்லை. மாட்டுக்காரர்கள் வைக்கோலையும் தவிட்டையும் வைத்துச் சமாளித்தார்கள். நான் கினிப் பன்றிகளுக்கு முட்டைக்கோஸ் இலை, வாழைப்பழம், ஊறவைத்த கடலை என்று வைத்தேன். மாமியார் பாலில் நனைத்த பன் வைத்தார். முதலில் அவற்றைத் திட்டிக்கொண்டே இருந்தவர், மகன் போனபின் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவை பன்னை ஆவலாகத் தின்றன. பார்க்க எங்களுக்கும் ஆறுதலாக இருந்தது. எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பன்னும் ரொட்டியும்தான் வாங்கி வருவார்கள். வார்டில் எத்தனையோ பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன், மெத்தென்று இருப்பதைக் கொடுங்கள் என்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம் செவலையிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். உணவு வைத்தால் ஓடி வரும். வாயில் எடுக்கும். இரண்டு முறை மென்றுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கீழே போட்டுவிடும். பசி இருந்தது, அதுதான் பார்க்கப் பொறுக்கவில்லை. பசி இல்லாத நோயாளியை எனக்குத் தெரியும். பசியோடு தட்டின் முன் உட்கார்ந்து தின்ன முடியாமல் இருப்பதைப் பார்ப்பது வேறு. மோவாய்க்குக் கீழே முடி எப்போதும் எச்சிலில் நனைந்து கிடந்தது. ஒரு வாரத்தில் கீழ்த்தாடையின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவு வீக்கம். தொட்டால் சூடு. மறு வாரம் அது சிறிய எலுமிச்சம்பழம் ஆனது.

"பல்லு வலிங்குது பாவம். இன்னும் நல்லா ஊற வெச்சிக் குடுக்கறேன்" என்றார் மாமியார்.

பன்னை இன்னும் நன்றாக ஊறவைத்தார். பல்லே வேண்டாத அளவுக்கு.

செவலையைக் கூடையில் வைத்து, மேலே துண்டு மூடி, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். சினை பார்க்க வந்த மாடுகளுக்கும் கழிச்சல் கண்ட ஆடுகளுக்கும் நடுவில் காத்திருந்தேன். என் முறை வந்ததும் துண்டை விலக்கினேன். மருத்துவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு கூடையை.

"படிக்கும்போது பாத்தது. இந்த ஊர்ல இதப் பாப்பேன்னு நெனக்கல."

இரண்டு துண்டு காஸ் துணியை மேல் முன்பல்லிலும் கீழ் முன்பல்லிலும் மாட்டி, என்னை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். டார்ச்சை உள்ளே அடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"முன்பல்லு நல்லாத்தான் இருக்குது. பின்னாடி பாருங்க சிஸ்டர்."

நான் குனிந்து பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமிருந்தும் உள்நோக்கிச் சாய்ந்து வளர்ந்து, நாக்கின் மேல் ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு நின்றன. நாக்கு அதன் அடியில் மாட்டிக் கிடந்தது. ஓரத்தில் வெட்டுக்காயம். அது ஏன் மென்றுவிட்டுக் கீழே போட்டது என்று அப்போது புரிந்தது. விழுங்குவதற்கு நாக்கைத் தூக்கவே அதற்கு வழி இல்லை.

"இதுக்குப் பல்லு சாகற வரைக்கும் வளந்துக்கினே இருக்கும். தேயணும். தேயலன்னா இப்படித்தான். இன்னா போடறீங்க?"

சொன்னேன்.

"பன்னா?" என்று கேட்டு டார்ச்சை அணைத்தார். "வைக்கோலு?"

"படுக்கப் போடறோம். அதக் கடிக்கறதில்ல."

"பன்னு கெடைக்கும்போது அது ஏன் வைக்கோலக் கடிக்குது? புல்லு வேணும் சிஸ்டர். கரடான புல்லு, தண்டோட. அரைச்சி அரைச்சித் தின்னாதான் பல்லு மட்டத்துல நிக்கும். நோயாளிக்குக் குடுக்கற கஞ்சியக் குடுத்தா அதுவே இதுக்கு நோயி."

அவரிடம் இருந்தது மாட்டின் பல்லை ராவும் அரம். என் முழங்கை நீளம். அதை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி வைத்தார். "இத உள்ள வுட்டா தலையே வெளிய வந்துடும்" என்றார். கடைசியில் மெல்லிய கத்தரி ஒன்றை வைத்து, நாக்கின்மேல் சாய்ந்திருந்த முனைகளை ஒவ்வொன்றாக நறுக்கினார். செவலை கத்தவில்லை. என் கைக்குள் அதன் இதயம் அடிப்பதுதான் தெரிந்தது. பிறகு தாடை வீக்கத்தைக் கீறினார். மனிதச் சீழ் மாதிரி வடியவில்லை. கெட்டித் தயிர்போல உருண்டை உருண்டையாக அடைந்து கிடந்தது. சுரண்டி எடுத்து, உப்புத் தண்ணீரால் கழுவி, புண்ணை மூடாமல் விட்டார்.

"வேர்ல புடிச்சிருக்குது. திரும்பத் திரும்ப வரலாம். தெனம் கழுவுங்க. பென்சிலின் போட்டா கேட்காதான்னு தோணும் உங்களுக்கு. போட்டுடாதீங்க. வாய் வழியாவும் வேணாம், ஊசியும் வேணாம். இதோட வயித்துல இருக்கற கிருமி செத்துட்டா இதுவும் செத்துடும். நான் சல்பா மருந்து எழுதித் தர்றேன்."

எனக்கு அப்படித்தான் தோன்றியிருந்தது. என் வார்டில் பென்சிலின் காப்பாற்றிய உயிர்கள் எத்தனை. அவர் சொல்லாவிட்டால் அன்று மாலையே போட்டிருப்பேன்.

கூடையைத் தூக்கும்போது இன்னொன்றும் சொன்னார். இவற்றின் உடம்பில், மனிதர்களைப் போலவே, வைட்டமின் சி தானாக உண்டாகாது. கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுக்க வேண்டும். "புண்ணு ஆறும் வரைக்கும் புல்ல அரைச்சி சாறாக் குடுங்க. ஆறனதும் தண்டாக் குடுங்க. அந்தக் கறுப்புக்கு இன்னிக்கே பன்ன நிறுத்திடுங்க. அதுக்கும் இப்படி ஆவறதுக்கு ரொம்ப நாளு புடிக்காது."

ஆக, எனக்கு வேண்டியது புல். மழை பெய்து ஊரெங்கும் புல் முளைத்திருந்த சமயம் அது. ஆனால் எங்கள் தெருவில் அரிவாள் எடுத்துப் போக யாரும் இல்லை. ஆண்கள் ஒளிந்திருந்தார்கள். பெண்கள் வாசலைத் தாண்டப் பயந்தார்கள்.

மறுநாள் டியூட்டி முடிந்து நேராகக் காலனிக்குப் போனேன். அந்தப் பெண்ணின் வீட்டுச் சுவர்கள் நின்றன. மேலே பாதிக்குப் பனையோலை, மீதிக்கு நீல பிளாஸ்டிக் தாள். வாசலில் உட்கார்ந்து இடது கையால் சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கை எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவரும் அதைக் கவனித்தார்.

"இருக்குது" என்று முன்கையைத் திருப்பிக் காட்டினார். தோல் இழுத்துக்கொண்டு ஆறியிருந்தது. விரல்கள் முழுவதும் மடங்கவில்லை.

"கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்கு வரலியே நீங்க."

"எதுக்கு வர்றது." பானையை மறுபடி தேய்த்தார். "இன்னா சேதி நர்சம்மா? கை பாக்கவா இவ்ளோ தூரம்?"

நான் விஷயத்தைச் சொன்னேன். பல், நாக்கு, சீழ், புல். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. கூரை இல்லாத வீட்டின் முன்னால் நின்று ஒரு கினிப் பன்றியின் கடைவாய்ப் பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பானை தேய்ப்பதை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

"சாரோட மாடா?"

"ஆமாம்."

"பாவம்" என்றார். உண்மையாகவே சொன்னார் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு, "எனக்கு அருவா புடிக்க வரல. வந்தாலும் அந்தத் தெருவுக்கு நான் வரமாட்டேன். ரோட்டுத் திருப்பத்துல புளியமரம் இருந்துதே, சாய்ச்சாங்களே, அந்த எடத்துல இப்ப வெயிலு நல்லா வுழுது. நெழலு இல்ல. முட்டி ஒசரத்துக்குப் புல்லு வந்துக்கினு இருக்குது. போய் அறுத்துக்கங்க நர்சம்மா. யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க" என்றார்.

பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் காலையில் மாமியாரின் காய்கறி அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னது சரி. அடிமரம் தரையோடு அறுபட்டுக் கிடந்தது. நாலு பேர் உட்காரலாம். அதைச் சுற்றித் தண்டு தடித்த புல் அடர்ந்திருந்தது. எனக்கு அறுக்கத் தெரியவில்லை. பிய்த்தேன், இழுத்தேன், விரலை வெட்டிக்கொண்டேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் என் வீட்டைக் கவனிக்கப் போடப்பட்டவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "மாடு வாங்கியிருக்கீங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன்.

புல்லை நறுக்கி அம்மியில் அரைத்தேன்.

"அய்யய்ய, தேங்கா அரைக்கற அம்மியில! ஊரு சிரிக்கும்டி. பேரப்புள்ளைக்கு வசம்பு ஒரைக்க வேண்டிய வூட்ல பெருச்சாளிக்குப் புல்லு அரைக்கறா பாரு" என்று மாமியார் கத்தினார். நான் அரைத்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் நான் டியூட்டியிலிருந்து வந்தபோது புல் அரைத்து, துணியில் பிழிந்து, டம்ளரில் மூடி வைக்கப்பட்டிருந்தது. அம்மி கழுவியிருந்தது. பன் மட்டும் வாங்குவதை அவர் நிறுத்தவில்லை. தலைமாட்டில் ஒளித்து வைத்திருந்ததை இரண்டு முறை கண்டுபிடித்தேன்.

கார்த்திகையில் மலைப் பெண் வந்தார். என் கணவர் தங்கியிருந்த வீட்டுப் பெண். வாரச்சந்தைக்குப் புளியும் கடுக்காயும் கொண்டுவருகிறவர். சேதி கொண்டுவருவது தெரியாமலிருக்கத் தெருவில் கூவிக்கொண்டு வந்தார்.

"நெல்லிக்கா... நெல்லிக்கா வாங்கலியா யக்கா?"

உள்ளே வந்து கூடையை இறக்கியதும், "அண்ணன் நல்லாருக்காரு. சாமைக் கதிரு அறுக்கறாரு. அறுக்கறதவிட மிதிக்கறதுதான் ஜாஸ்தி" என்றார். பிறகு, "மொதல்ல கேட்டது, புல்லு கெடைக்குதான்னு. கேட்டு வரச் சொன்னாரு."

என்னைப் பற்றி அல்ல, அம்மாவைப் பற்றி அல்ல, வழக்கைப் பற்றி அல்ல. புல் கிடைக்கிறதா. புல் யார் கொண்டுவந்தது, இப்போது ஏன் வராது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டிருந்தார்.

"கெடைக்குதுன்னு சொல்லு. ரெண்டும் நல்லாத் திங்குதுன்னு சொல்லு."

மலைப் பெண் தாழ்வாரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். செவலை மூலையில் முடி சிலிர்த்து உட்கார்ந்திருந்தது.

"இது திங்கலியே யக்கா."

"தெரிஞ்சா வந்துடுவாரு. வந்தா புடிச்சிக்குவாங்க. வேலை போய்டும்."

அவர் சிறிது யோசித்தார். "பொய்யி சொன்னா எனக்கு மூஞ்சி காட்டிக் குடுத்துடும். திங்குதான்னு கேட்டா, கறுப்பு திங்குதுன்னு சொல்றேன். அது நெசந்தானே?"

நெல்லிக்காயின் சாற்றைப் புல்சாற்றோடு கலந்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் ஓரத்தில் சிறிது சிறிதாக விட்டேன். காலையில் டியூட்டிக்கு முன், மாலையில் வந்ததும். இடையில் மாமியார். புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவினேன். மருந்து கொடுத்தேன். நான்கு நாட்கள் நல்ல மாற்றம் தெரிந்தது. புண் சிவந்து ஆற ஆரம்பித்தது. ஒரு மாலை, ஒரு தண்டைத் தானே எடுத்து, கடித்து, மென்று, விழுங்கியது. மாமியார் கைதட்டினார். அன்று என் நாட்குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: தண்டு தின்றது.

பிறகு வீக்கம் பழைய இடத்துக்குச் சற்று மேலே மறுபடி எழும்பியது. மருத்துவரிடம் போனோம். மறுபடி கீறினார். இந்த முறை கண்ணுக்குக் கீழே வரை போயிருப்பதாகச் சொன்னார். சென்னையில் என்றால் ஏதாவது செய்து பார்ப்பார்கள் என்றார். சென்னைக்கு ஒரு கினிப் பன்றியைக் கொண்டுபோவது பற்றி மருத்துவரும் நானும் ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தோம். அவர்தான் தலையை ஆட்டினார்.

"முதுகெலும்பு தட்டுது சிஸ்டர். அவ்ளோ தூரம் தாங்காது."

மலைப் பெண் அடுத்த சந்தைக்கு வந்தபோது நெல்லிக்காயோடு, கதிர் அறுத்தபின் மிஞ்சிய சாமைத் தாளில் ஒரு கட்டும் கொண்டுவந்தார். என் கணவரே அறுத்துக் காயவைத்துக் கட்டிக் கொடுத்தனுப்பியது. முடிச்சு அவருடையது, எனக்குத் தெரியும். கறுப்பு அதற்குள் புகுந்துகொண்டு சத்தமாக அரைத்தது. செவலைக்கு ஒரு தாளை நீட்டினேன். முகர்ந்தது. முகத்தை அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல், என் மடியில், சாறு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே விழுங்குவதை நிறுத்திவிட்டது. பச்சைச் சாறு வாயோரம் வழிந்தது. நான் சிரிஞ்சைக் கீழே வைத்து, துணியால் துடைத்து, புண்ணையும் ஒருமுறை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை. பழக்கம். மாமியார் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு துண்டு பன்னாச்சும் தின்னுட்டுப் போயிருக்கும்" என்றார். "நீ வுடல."

முருங்கை மரத்தடியில் புதைத்தோம். குழியை மாமியார் தோண்டினார்.

கறுப்புக்காக நான் தினமும் புளியமரத்து இடத்துக்குப் போய் அறுத்துவந்தேன். கை பழகிவிட்டது. தெருவில் முதலில் பேசினார்கள். பிறகு மாடு வைத்திருந்த வீட்டுப் பெண் ஒருவர் தானும் அரிவாளோடு என் பின்னால் வந்தார். மலைக்கு 'நல்லா திங்குது' என்றே சொல்லியனுப்பினேன். அது கறுப்பைப் பற்றி உண்மை.

தை மாதத்தில் முன்ஜாமீன் கிடைத்தது. அவர் வருகிற நாள் எனக்குத் தெரியும். சைக்கிள் வக்கீல் வீட்டில் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு மாலையில் வந்தார். தெருமுனையில் பெடல் உரசுவது எனக்குக் கேட்டது. மாமியாருக்கும் கேட்டிருக்கும். அவர் தாழ்வாரத்தைப் பார்த்தார். பெட்டியிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. கறுப்பு படுத்த இடத்திலேயே படுத்திருந்தது.

அவர் சைக்கிளை நிறுத்தினார். அம்மாவிடம் கூடப் பேசாமல் நேராகப் பின்னால் போனார். நெடுநேரம் குந்தி உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்து, தாடி வளர்ந்திருந்தது.

"எப்ப?"

"சாமைத் தாளு வந்த வாரம்."

"பல்லா?"

"பல்லுதான்."

தலையை ஆட்டினார். ஏன் சொல்லியனுப்பவில்லை என்று கேட்கவில்லை. அப்போது நான் காலையில் அறுத்துவைத்த புல்லை எடுக்க எழுந்தேன். என் கால் சத்தத்துக்குக் கறுப்பு துள்ளி எழுந்து, வலையில் கால் வைத்து விசில் அடித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புல்லு யாரு கொண்டாந்து போடறா? அந்தம்மாவா?"

"அவங்க வர்றதில்ல. நாந்தான் அறுத்தாறேன்."

"எங்க?"

"ரோட்டுத் திருப்பத்துல. மரம் சாய்ச்ச எடத்துல."

அவர் ஒரு தண்டை எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார். அந்தம்மா ஏன் வருவதில்லை என்று கேட்பார் என நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுவதற்கு முன்பே அரிவாளை எடுத்துக்கொண்டு போயிருந்தார். வெயில் ஏறிய பிறகு திரும்பிவந்தார். கையில் அரிவாள் மட்டும்தான் இருந்தது. அதில் ஒரு புல்லும் ஒட்டியிருக்கவில்லை; கழுவாமல் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அங்க புல்லு ஒண்ணும் இல்ல" என்றார்.

முந்தின நாள் நான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அடிமரத்தின் மேற்குப் பக்கம் முழுவதும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. நான் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.